குழாயை மூடினால் கணக்கு தீராது

அமெரிக்கக் கிராமப்புறக் கவுன்டி ஒன்றில் குடிநீர் பில் வசூலிக்கும் வேலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதாகத் தெரியும். மாதம் ஒருமுறை மீட்டர் ரீடிங் எடுக்க வேண்டும்; பில்லைத் தபாலில் அனுப்ப வேண்டும்; கெடுவுக்குள் பணம் கட்டாத வீடுகளுக்குத் தாமதக் கட்டணம் சேர்க்க வேண்டும்; அடுத்தது எச்சரிக்கைக் கடிதம்; அதற்கும் பதில் இல்லையென்றால் ஊழியர் ஒருவர் போய் வாசலோர மீட்டர் பெட்டியைத் திறந்து, வால்வை மூடி, பூட்டுப் போட்டுவிட்டு வருவார். பெரும்பாலான அலுவலகங்களில் இந்த வரிசை தானாகவே நடக்கிறது. யாரும் நின்று யோசிப்பதில்லை. கிழக்குக் கென்டக்கி மலைப்பகுதி போன்ற ஏழை வட்டாரங்களின் தண்ணீர்க் கணக்கோடு வேலை செய்துவரும் நான், இந்த வரிசையின் கடைசிப் படி பெரும்பாலும் தவறானது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். கட்ட முடியாத வீட்டின் குழாயை மூடுவதால் நட்டப்படுவது அந்த வீடு மட்டும் அல்ல. மாதம் தவறாமல் கட்டும் பக்கத்து வீடும்தான். நிலுவைக்குத் தவணை கொடுப்பதை இரக்கத்தின் பேரில் செய்யும் சலுகையாக எங்கள் தொழிலில் உள்ளவர்களே நினைக்கிறார்கள். இரக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் வரவு செலவை மட்டும் பார்த்தாலும் தவணைதான் சரி என்பதே என் வாதம்.

முதலில் இந்த நிறுவனங்கள் எப்படிப்பட்டவை என்று சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் ஏறத்தாழ 50,000 சமுதாயக் குடிநீர் அமைப்புகள் இருக்கின்றன. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை 10,000 பேருக்கும் குறைவான மக்களுக்குத் தண்ணீர் தருபவை. 120 கவுன்டிகள் கொண்ட கென்டக்கி மாநிலத்தில் ஊருக்குள் நகராட்சி தண்ணீர் தரும். ஊருக்கு வெளியே மலைச்சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குத் 'தண்ணீர் மாவட்டம்' எனப்படும் தனி அமைப்பு தரும். அந்த அமைப்பின் ஆணையர்களைக் கவுன்டியின் நிர்வாகத் தலைவர் நியமிக்கிறார். கட்டண விகிதத்தை அவர்கள் தாங்களாக மாற்றிவிட முடியாது. மாநிலப் பொதுச் சேவை ஆணையத்தின் அனுமதி வேண்டும். பல இடங்களில் தண்ணீர் மாவட்டம் சொந்தமாகச் சுத்திகரிக்காமல், நகராட்சியிடம் மொத்த விலைக்கு வாங்கித் தன் குழாய்களில் விடுகிறது. கழிவுநீருக்கும் குப்பைக்கும் வேறு அலுவலகம், வேறு பில், வேறு கெடு என்று இருக்கும் இடங்களும் உண்டு. ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று பில்கள் வரும்போது எது எந்த அலுவலகத்துக்கு என்று குழம்பி, பணத்தை மாற்றிக் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழப்பமும் எங்கள் பேரேட்டில் 'நிலுவை' என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடுகிறது.

பில்லில் இருக்கும் தொகை எதற்காக என்பதுதான் இந்த வாதத்தின் அடிப்படை. தண்ணீர் மாவட்டங்களின் பில்லில் பெரும்பாலும் ஒரு குறைந்தபட்சக் கட்டணம் இருக்கும். பல இடங்களில் அது முதல் 2,000 கேலனுக்கு, அதாவது சுமார் 7,500 லிட்டருக்கு. அதற்கு மேல் ஆயிரம் கேலனுக்கு இவ்வளவு என்று கணக்கு. கேலன் கணக்கைப் பார்க்கிறவர், தண்ணீருக்கு விலை கொடுக்கிறோம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பணத்தின் பெரும்பகுதி போகும் இடங்கள் வேறு. சுத்திகரிப்பு நிலையம், மலைக்கு மேல் நீரை ஏற்றும் பம்புகள், மேல்நிலைத் தொட்டிகள், சில வீடுகளுக்காக மைல் கணக்கில் ஓடும் குழாய், உரிமம் பெற்ற இயக்குநரின் சம்பளம், 1974-ஆம் ஆண்டின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் கேட்கும் ஆய்வகச் சோதனைகள், நடுவண் வேளாண் துறையின் ஊரக வளர்ச்சிப் பிரிவிடம் 40 ஆண்டு வரையிலான தவணையில் வாங்கிய கடன் ஆகியவற்றுக்குத்தான் அது போகிறது. இவற்றில் எதுவும் ஒரு வீடு தண்ணீர் பிடிப்பதை நிறுத்தினால் குறையாது. குறையக்கூடியவை குளோரின் போன்ற ரசாயனங்களும் பம்புக்கான மின்சாரமும், மொத்த விலைக்கு வாங்கும் இடங்களில் அந்த நீரின் விலையும்தான். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்துக் குலதெய்வக் கோயிலுக்குப் போகும்போது, பங்குப் பணம் தராத ஒரு குடும்பத்தை நடுவழியில் இறக்கிவிட்டால் வேன் வாடகை குறைந்துவிடாது. மிச்சமிருக்கும் ஒன்பது குடும்பங்களின் பங்கு கூடும்.

இதை ஒரு கற்பனைக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ஓர் அமைப்பில் 1,000 வீடுகள், மாதச் செலவு 50,000 டாலர், வீட்டுக்கு 50 டாலர் பில் என்று கொள்வோம். அந்த 50 டாலரில் 45 டாலர் மாறாத செலவு, 5 டாலர் மட்டுமே தண்ணீரின் அளவோடு கூடிக் குறையும் செலவு. இப்போது 20 வீடுகள் பணம் கட்டவில்லை. அவற்றைத் துண்டித்தால் மிச்சமாவது 100 டாலர். வராமல் போவது 1,000 டாலர். ஆக 900 டாலர் பள்ளம். அதை நிரப்ப மற்ற 980 வீடுகளும் தலைக்கு 92 சென்ட் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதே 20 வீடுகளும் இணைப்போடு இருந்து மாதம் பாதித் தொகையாவது கட்டினால் பள்ளம் 500 டாலராகச் சுருங்குகிறது. இந்தக் கணக்கில் ஒரு வீடு 5 டாலருக்கு மேல் எவ்வளவு கட்டினாலும், அது இணைப்போடு இருப்பது மற்ற எல்லோருக்கும் லாபம். மீட்டரைப் பூட்ட வண்டியும் ஆளும் மலை ஏறிப் போகும் செலவையும், திறக்க மறுபடி போகும் செலவையும் நான் சேர்க்கவே இல்லை. மறு இணைப்புக் கட்டணம் என்று வசூலிப்பது அந்தச் செலவை ஈடுகட்டலாம். ஆனால் 50 டாலர் கட்ட முடியாதவரிடம் அதற்கு மேலும் ஒரு தொகை கேட்டால், அவர் திரும்பி வரும் வாய்ப்புத்தான் குறையும்.

இந்தச் சுழல் ஊர் அளவில் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு மார்ட்டின் கவுன்டி சான்று. மேற்கு வர்ஜீனியா எல்லையை ஒட்டிய அந்தக் கவுன்டியின் தலைநகர் ஐனெஸ். 1964 ஏப்ரல் 24 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசிய படம், வறுமைக்கு எதிரான போர் என்று அவர் அறிவித்த திட்டத்தின் அடையாளமாகவே ஆனது. நிலக்கரி தோண்டிய காலத்தில் அங்கிருந்து வெளியேறிய செல்வத்துக்கு ஈடாக மண்ணுக்கடியில் நல்ல குழாய்கள் வந்து சேரவில்லை. 2000 அக்டோபர் 11 அன்று நிலக்கரிச் சேற்றுத் தேக்கம் ஒன்று உடைந்து சுமார் 30 கோடி கேலன் கருஞ்சேறு ஓடைகளில் இறங்கியது. குடிநீருக்கு மூலமான டக் ஃபோர்க் ஆறும் கெட்டது. பொதுச் சேவை ஆணையம் 2002, 2006, 2016 என மூன்று முறை அந்தத் தண்ணீர் மாவட்டத்தின் மீது விசாரணை நடத்தியது. உற்பத்தியான நீரில் பாதிக்கு மேல், சில காலங்களில் அதற்கும் வெகு அதிகமாக, எந்த மீட்டரையும் தொடாமல் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. கென்டக்கி விதிகளின்படி 15 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நீர் இழப்பின் செலவைக் கட்டண விகிதத்தில் ஏற்றக் கூடாது. ஆகவே அந்த நட்டத்தைத் தாங்க எந்த வரவும் இல்லை. 2018 ஜனவரிக் கடுங்குளிரில் குழாய்கள் உடைந்து பல வீடுகளுக்கு நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. அதே பருவத்தில் நிர்வாகம் ஏறத்தாழ 50 விழுக்காடு கட்டண உயர்வு கேட்டது. ஆணையம் முதலில் அதில் பாதி அளவைத் தற்காலிகமாக அனுமதித்தது. ஆண்டு முடிவதற்குள் பழைய கடனைத் தீர்க்கத் தனிக் கட்டணமும், வெளி நிறுவனம் ஒன்றிடம் நிர்வாகத்தை ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தன. 2020 தொடக்கத்தில் அப்படி ஒரு நிறுவனம் அதை நடத்தும் பொறுப்பை ஏற்றது.

இதில் நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றுதான். 1980-ல் சுமார் 14,000 ஆக இருந்த அந்தக் கவுன்டியின் மக்கள்தொகை 2020-ல் 11,300 அளவுக்குக் குறைந்துவிட்டது. பெரிய ஊருக்கு என்று போட்ட குழாயைச் சிறிய ஊர் பராமரிக்கிறது. நடுவண் அரசும் விலகி நிற்கிறது: குடிநீர், கழிவுநீர்க் கட்டமைப்பில் போடும் மூலதனத்தில் அதன் பங்கு 1977-ல் 60 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது, நாற்பது ஆண்டுகளுக்குள் 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 2021-ஆம் ஆண்டின் கட்டமைப்புச் சட்டம் கொஞ்சம் ஈடு செய்தாலும், அன்றாடச் செலவு வீட்டு பில்லின் தலையில்தான். இந்த நிலையில் பில் கட்டும் வீடுகளின் எண்ணிக்கைதான் அமைப்பின் உண்மையான சொத்து. கட்டணம் ஏறினால் சிலரால் கட்ட முடிவதில்லை. அவர்களைத் துண்டித்தால் மற்றவர்களின் பங்கு ஏறுகிறது. அதனால் இன்னும் சிலரால் கட்ட முடிவதில்லை. கட்டணத்தை உயர்த்தாமலே இருந்துவிடலாம் என்பது இதற்குத் தீர்வு ஆகாது. உரிய காலத்தில் சிறிது சிறிதாக ஏற்றாமல் தள்ளிப்போட்டதும் மார்ட்டின் கவுன்டிக் குழாய்கள் பாழானதற்கு ஒரு காரணம். கட்டணம் தேவையான அளவு இருக்க வேண்டும். அதை வசூலிக்கும் முறை வீடுகளை இழக்காததாக இருக்க வேண்டும்.

யார் தாமதமாகக் கட்டுகிறார்கள் என்று பேரேட்டைப் பார்த்தால் வேறோர் உண்மை புலப்படுகிறது. முதியோருக்கான சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் எல்லோருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. மாதத்தின் 1 முதல் 10-ஆம் தேதிக்குள் பிறந்தவர்களுக்கு இரண்டாம் புதன், 11 முதல் 20 வரை பிறந்தவர்களுக்கு மூன்றாம் புதன், அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு நான்காம் புதன். 1997 மே மாதத்துக்கு முன்பே வாங்கத் தொடங்கியவர்களுக்கு 3-ஆம் தேதி. வருமானம் மிகக் குறைந்த முதியோருக்கும் உடல் இயலாதோருக்குமான துணை உதவித்தொகை 1-ஆம் தேதி. தண்ணீர் பில்லின் கெடுவோ ஊர் முழுக்க ஒரே நாள், பெரும்பாலும் மாதத்தின் நடுப்பகுதி. நான்காம் புதனுக்குக் காத்திருப்பவர் ஒவ்வொரு மாதமும் பணம் வந்த மறுநாளே கட்டினாலும் ஒவ்வொரு மாதமும் தாமதக்காரர்தான். பல நிறுவனங்களில் தாமதக் கட்டணம் 10 விழுக்காடு. ஒரு பில்லையும் விடாமல் கட்டும் மனிதர், பிறந்த தேதி காரணமாக ஆண்டு முழுதும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்டுகிறார். ஒரு மாதம் மருந்துச் செலவு வந்தால் துண்டிப்புப் பட்டியலிலும் ஏறுகிறார். அவரைக் கட்டாதவர் என்று பதிவது பேரேட்டின் பிழை. கெடு நாளைத் தேர்ந்துகொள்ள விட்டால் அந்த நிலுவை தானே மறையும். நிறுவனத்துக்கு ஒரு சென்ட் செலவு இல்லை.

அடுத்த கூட்டம் கசிவுக்காரர்கள். அமெரிக்க வீடு ஒன்றில் சராசரியாக ஆண்டுக்கு 10,000 கேலன் அளவு கசிவிலேயே போகிறது என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணிப்பு. நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் ஆண்டுக்கு 3,000 கேலனுக்கு மேல் வீணாக்கும். கழிப்பறைத் தொட்டியின் ரப்பர் மூடி தேய்ந்தால் அதைவிடப் பல மடங்கு சத்தமில்லாமல் ஓடும். மலைப்பகுதியில் பலர் வசிப்பது நகர்த்தக்கூடிய வீடுகளில். அவற்றின் அடித்தளக் குழாய்கள் குளிரில் உறைந்து வெடித்தால், வீட்டுக்காரர் அதை அறிவது பில் வந்த பிறகுதான். வழக்கத்தைவிட மூன்று மடங்கு பில் வந்த வீட்டில் பணமும் இல்லை, பிளம்பரை அழைக்க வசதியும் இல்லை. இந்த இடத்தில் எங்கள் தொழிலிடம் இருக்கும் தகவல் மிகப் பெரியது. ரீடிங் எடுத்த அன்றே முந்தைய மாதங்களோடு ஒப்பிட்டால், வீட்டுக்காரருக்கு முன்பே கசிவு எங்களுக்குத் தெரியும். அன்று ஒரு தொலைபேசி அழைப்பு செய்தால் அடுத்த மாத நிலுவை பிறக்கவே பிறக்காது. கசிவைச் சரிசெய்த ரசீதைக் காட்டினால் அதிகப்படியான தொகையைக் குறைத்துத் தரும் ஏற்பாடு பல நிறுவனங்களின் கட்டண விதிகளில் உண்டு. ஆனால் பில்லில் அதைப் பற்றி ஒரு வரி அச்சாகாவிட்டால் யாருக்கும் தெரியாது.

தவணைதான் சரி என்ற வாதத்துக்கு முதல் மறுப்பு எங்கள் தொழிலுக்குள்ளிருந்தே வருகிறது: துண்டிப்புப் பயம் இல்லாவிட்டால் யாரும் கட்டமாட்டார்கள். இதில் ஒரு பகுதி உண்மை என்று ஏற்கிறேன். வசதி இருந்தும் கட்டாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்குப் பூட்டுத்தான் கடைசி வழி. அந்த அதிகாரத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் முடியாதவரையும் மாட்டேன் என்பவரையும் பிரித்தறிய ஒரு சோதனை வேண்டும், எழுத்துபூர்வமான தவணை ஒப்பந்தம்தான் அந்தச் சோதனை. கட்ட நினைப்பவர் வந்து கையெழுத்திட்டுச் சிறு தொகையாவது தொடர்ந்து கட்டுவார். மற்றவர் வரமாட்டார், அல்லது முதல் தவணையிலேயே விட்டுவிடுவார். கென்டக்கி விதிகள் இதற்கு இடம் கொடுத்தே எழுதப்பட்டிருக்கின்றன. பில் அனுப்பி 20 நாள் ஆகாமல் தண்ணீரைத் துண்டிக்கக் கூடாது. அதற்கு முன் 5 நாள் எழுத்துபூர்வ அறிவிப்பு வேண்டும். நோயாளி இருப்பதாக மருத்துவரோ செவிலியரோ சான்று தந்தால் 30 நாள் தள்ளிவைக்க வேண்டும். பகுதித் தொகை ஒப்பந்தம் செய்துகொண்டு அதைக் காப்பவரைத் துண்டிக்கக் கூடாது. கோவிட் காலத்தில், 2020 மார்ச்சில், பொதுச் சேவை ஆணையம் துண்டிப்பையும் தாமதக் கட்டணத்தையும் நிறுத்திவைத்தது. பின்னர் அந்தத் தடையை நீக்கியபோது, சேர்ந்த நிலுவையைத் தவணைகளாகப் பிரிக்க வேண்டும் என்றது. சட்டம் தரும் வழியை நாங்கள் சலுகை என்று நினைத்து மறைத்து வைப்பதுதான் சிக்கல்.

இரண்டாவது மறுப்பு நியாயத்தைப் பற்றியது. ஒழுங்காகக் கட்டுபவர், கட்டாதவருக்காக ஏன் சுமக்க வேண்டும்? மேலே சொன்ன கணக்கே இதற்குப் பதில்: துண்டித்தால் அவர் சுமப்பது கூடுகிறது, தவணை கொடுத்தால் குறைகிறது. தவணை தள்ளுபடியும் அல்ல. கடைசி டாலர் வரை பேரேட்டில் நிற்கும். அப்படியானால் ஏழைகளுக்குக் கட்டணத்தையே குறைக்கலாமே என்று இன்னொரு பக்கத்திலிருந்து கேட்பார்கள். ஃபிலடெல்ஃபியா நகரம் 2017 முதல் வருமானத்தை ஒட்டி பில் போடுகிறது. பெரிய நகரத்துக்கு அது இயலும். கென்டக்கித் தண்ணீர் மாவட்டமோ ஆணையத்திடம் பதிவு செய்த விகிதத்திலிருந்து கூட்டவோ குறைக்கவோ கூடாது. செலவைப் பகிர்ந்துகொள்ள வசதியான வீடுகளும் அங்கே குறைவு. 2020 டிசம்பரிலும் 2021-லும் நடுவண் நாடாளுமன்றம் ஏழை வீடுகளின் தண்ணீர் பில்லுக்கென 110 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அந்தப் பணம் தீர்ந்ததும் திட்டமும் நின்றுவிட்டது. சூடேற்றும் செலவுக்கு 1980-களிலிருந்து நிரந்தரமாக இருக்கும் உதவி, தண்ணீருக்கு இன்றுவரை இல்லை. அது வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2024-ல் தனி நபருக்கான துணை உதவித்தொகை மாதம் அதிகபட்சம் 943 டாலர். பில் 60 டாலர் என்றால் அதில் 6 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீருக்கே போய்விடும். அந்த உதவி வரும் வரை, பில் மேசையில் இருப்பவர் விலையைக் குறைக்க முடியாது. காலத்தைக் கொடுக்க முடியும். கையில் இருக்கும் அந்த ஒன்றையும் கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் இல்லை.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. அது மக்களிடமிருந்து வருகிறது. குடிக்க முடியாத தண்ணீருக்கு எதற்குப் பணம்? மார்ட்டின் கவுன்டியில் கிருமிநீக்கத்தின்போது உருவாகும் வேதிப்பொருள்கள் வரம்பை மீறியதாக, பல ஆண்டுகள் குடித்தால் புற்றுநோய் அபாயம் கூடலாம் என்ற எச்சரிக்கையோடு வீட்டுக்கு அறிவிப்பு போன காலம் இருந்தது. பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே குழாய்த் தண்ணீருக்கும் கட்டும் வீட்டுக்காரரின் கோபம் முற்றிலும் நியாயமானது. கட்டுங்கள் என்று அவருக்கு உபதேசம் செய்யும் தகுதி எங்கள் தொழிலுக்கு இல்லை. ஆனால் கட்டாமல் விட்டால் குழாய் இன்னும் கெடும் என்பதும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில் நம்பிக்கை பிறக்க வேண்டுமென்றால், பில்லின் பின்பக்கத்தில் வெறும் கெடுவும் அபராதமும் இருந்தால் போதாது. இந்த மாதம் எவ்வளவு நீர் உற்பத்தியானது, எவ்வளவு மீட்டரில் பதிந்தது, எந்தச் சாலையில் குழாய் மாற்றினோம், கடனுக்கு எவ்வளவு போனது என்று நான்கு வரி வேண்டும். ஆணையர்களின் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. அது எந்த நாள், எங்கே என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். அந்தக் கவுன்டியில் ஆணையத்தின் விசாரணைகளுக்குள் குடிமக்கள் குழு அமைத்து நுழைந்து கணக்குக் கேட்டவர்கள், பில் கட்டும் சாதாரண மக்கள். அவர்கள் அமைப்புக்குப் பகைவர்கள் அல்லர். அமைப்பு தன் கணக்கை ஒழுங்காக வைத்துக்கொள்ள அவர்களே காரணம்.

இணையத்தில் கட்ட வழி செய்துவிட்டால் நிலுவை தீரும் என்றும், சிறு நிறுவனங்களைப் பெரியவற்றோடு இணைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்றும் சொல்வார்கள். இரண்டும் பயன் உள்ளவை, இரண்டும் போதாதவை. மலைப்பள்ளத்தாக்கில் இணைய இணைப்பும் வங்கிக் கணக்கும் இல்லாத வீடுகள் உண்டு. அட்டையில் கட்டினால் தனிக் கட்டணம் பிடிக்கும் இடங்களும் உண்டு. அங்கே பண அஞ்சல் ஆணையும் அலுவலக வாசலில் வைத்த பெட்டியும் கவுன்டரில் இருக்கும் ஆளும்தான் வசூலின் முதுகெலும்பு. நிறுவனங்களை இணைப்பதைப் பொறுத்தவரை கென்டக்கி வெகுதூரம் போய்விட்டது. ஆயிரக்கணக்கில் இருந்த குடிநீர் அமைப்புகள் அரை நூற்றாண்டில் சில நூறாகக் குறைந்துள்ளன. பெரிய நிறுவனத்தால் ஆய்வகமும் பொறியாளரும் வைத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் பூட்டும் வரிசை அதேபோல் நீடித்தால், அதே நட்டம் பெரிய பேரேட்டில் நடக்கும்.

ஆகவே நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. தண்ணீர் மாவட்டத்தின் கட்டண விதிகள் ஆணையத்தில் பதிவான சில பக்க ஆவணம். ஆணையர்கள் தீர்மானித்து விண்ணப்பித்தால் மாற்றலாம். அதில் நான்கு மாற்றங்கள் போதும். கெடு நாளை வீட்டுக்காரரே தேர்ந்துகொள்ளலாம். ரீடிங் திடீரென்று ஏறினால் பில் அனுப்பும் முன் அலுவலகமே அழைத்துச் சொல்ல வேண்டும். எச்சரிக்கைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே தவணை ஒப்பந்தம் இருப்பதையும் அதற்கு எங்கே கையெழுத்திடுவது என்பதையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் செய்ய வாய்ப்புத் தராமல் எந்த மீட்டரையும் பூட்டக் கூடாது. இவற்றைச் செய்த பிறகும் கட்ட மறுப்பவரைத் துண்டிக்கட்டும். அந்த எண்ணிக்கை மிகச் சிறியதாகத்தான் இருக்கும். கிராமப்புறக் குடிநீர் அமைப்பு ஒன்று நாற்பது ஆண்டுக் கடனை அடைத்து நிமிர வேண்டுமானால், அந்த நாற்பது ஆண்டும் அதோடு இணைந்திருக்கும் வீடுகள் வேண்டும். பில் மேசையில் இருப்பவரின் வேலை பணம் வாங்குவது மட்டும் அல்ல, அந்த வீடுகளில் ஒன்றையும் தேவையின்றி இழக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலைதான். அதை வேலையின் விதியாகவே எழுதிவைக்க வேண்டும்.